கைச்சக்கரமும் கணனியும்

உலோகத்தைச் செதுக்கும் தொழிலிலே கைக்கென ஓர் அறிவு உண்டு. திருகு எவ்விடத்தில் இறுகுகின்றது, வெட்டலகு எக்கணத்தில் உலோகத்தைத் தொட்டது, எவ்வளவு விரைவிற் செலுத்தினால் அலகு முறியாது என்பனவற்றைப் பல்லாண்டுப் பழக்கத்தாற் கை அறிந்துகொள்ளும். அதனைச் சொல்லுமாறு கேட்டால் வாய் தடுமாறும். அவ்வறிவைக் கையினின்றும் பிரித்தெடுத்து, எண்ணாக்கி, ஒரு கணனியிடம் ஒப்புவிக்க இயலுமா, இயலுமாயின் எவ்வளவுக்கு இயலும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நமது கல்லூரியின் விழா மலரில் அறிஞர் பலர் சமயம், கல்வி, இலக்கியம் முதலான பெரும் பொருள்கள் பற்றி எழுதுவர். யான் எழுதப் புகுவது என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஒரு சிறிய இயந்திரத்தைப் பற்றி. தொழிலாற் பிழைத்த பழைய மாணவன் ஒருவனுக்கு அவ்விடத்தைத் தந்த மலர்க்குழுவினருக்கு நன்றி உடையேன்.

கல்லூரியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகளின் பின், 1974 ஆம் ஆண்டில், இங்கிலாந்துக்கு வந்தேன். இலண்டனுக்கு அண்மையிலுள்ள தொழிற்சாலையொன்றிற் கருவி செய்வோனாகப் பயின்று, இளைப்பாறும்வரை அத்தொழிலையே செய்தேன். இளைப்பாறிய பின்னரும் கை சும்மா இருக்க இசையாமையால், காருக்கென அமைந்த கொட்டகையில் ஒரு மேசைமேல் வைக்கத்தக்க சிறு மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தேன். மில்லிங் இயந்திரத்தைப் பாராத மாணவர் பொருட்டு ஒரு சொல்: கடைச்சல் இயந்திரத்தில் உலோகம் சுழலும், அலகு சுழலாது, இதிலோ அலகு சுழலும், மேசையிற் பூட்டப்பட்ட உலோகம் அதன் கீழே நகரும். மேசையை இடம் வலமாக நகர்த்த ஒரு கைச்சக்கரம், முன் பின்னாக நகர்த்த மற்றொன்று, அலகு தாங்கிய தலையை ஏற்றி இறக்க வேறொன்று. கணித வகுப்பிலே நாம் கரும்பலகையிற் கண்ட தெக்காட்டின் ஆள்கூறுகள் உருக்கினால் வார்க்கப்பட்டு நிற்கின்றன என்று எண்ணிக்கொண்டாற் போதும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. உயிருக்கு ஊறு செய்யாத நடுக்கம், ஆயினும் முற்றாக மாறுவதன்று என வைத்தியர் கூறினார். தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் ஏந்திப் பருகலாம். கைச்சக்கரத்தை நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்கிலே திருப்பி நிறுத்த இரு கைகளும் போதா. இயந்திரத்தை விற்றுவிடுங்கள் என்று வீட்டார் அன்போடு சொன்னார்கள். விற்பதற்கு மனம் ஒருப்படவில்லை. கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மோட்டார்களைப் பூட்டி, அவற்றைக் கணனியால் ஆளச் செய்யலாம் என்று துணிந்தேன். எனது துணிவு புதியதன்று. இத்தொழிலின் வரலாறே அவ்வாறுதான் தொடங்கிற்று.

1940 களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், திரவேர்ஸ் சிற்றி என்னும் ஊரில், ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் விமானத்தின் சுழல் இறக்கைகளைச் செய்யும் தொழிலை நடத்தினார். இறக்கையின் வளைவுக்குரிய வார்ப்புருவைத் திருத்தமாக வெட்டுவது அரிதாக இருந்தது. வளைவின்மேல் உள்ள புள்ளிகளைத் துளையிட்ட அட்டைகளாற் கணிக்கும் பொறியைக் கொண்டு கணித்து அட்டவணையாக்கினர். பின்னர் ஒருவர் அட்டவணையைப் பார்த்து எண்களை உரக்க வாசிக்க, வேறிருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைப் பிடித்து அவ்வெண்களுக்குத் திருப்பினர். வாசிக்கும் குரலையும் திருப்பும் கைகளையும் பொறியே ஏற்றல் கூடுமெனப் பார்சன்ஸ் கருதினார். 1949 ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் படை அம்முயற்சிக்குப் பணம் ஈந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்று அதனை ஏற்று, ஏலவே இருந்த சின்சினாற்றி மில்லிங் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, 1952 ஆம் ஆண்டில் எண்களால் இயங்கச் செய்து காட்டிற்று. அதனை ஆண்ட பொறியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அப்பொறி ஆளுயரப் பெட்டிகளை நிரப்பிற்று. இன்று அந்த வேலையை மேசையின் கீழ் வைக்கப்பட்ட பழைய கணனியொன்று செய்கின்றது. அதற்கு வேண்டிய மென்பொருளின் மூலவடிவை 1990 களில் அமெரிக்க அரசின் தராதர நிறுவகம் ஆக்கி யாவர்க்கும் இலவசமாக வழங்கிற்று. அதன் வழிவந்ததாகிய லினக்ஸ் சீ.என்.சீ. என்பதனையே யானும் கையாளுகின்றேன்.

அக்காலத்தில் மற்றொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவன் கையால் ஒரு பொருளை வெட்டும்போது அவனுடைய அசைவுகளைக் காந்த நாடாவிற் பதிந்துகொண்டு, பின்னர் இயந்திரம் அவற்றை மீட்டும் நடத்தும் வழி அது. அவ்வழி பெரிதும் கைவிடப்பட்டது. டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதற்குக் காரணம் பொறியியல் மட்டுமன்று என்று வாதிட்டார். பதிவுமுறையில் அறிவு தொழிலாளியின் கையிலேயே தங்கும். எண்முறையிலோ அது பட்டறையை விட்டு அலுவலகத்துக்குச் செல்லும். முதலாளிகளும் படையினரும் பின்னதையே விரும்பினர் என்பது அவருடைய கருத்து. பட்டறையில் நின்றவன் என்ற முறையில் அக்கருத்தை யான் எளிதில் ஒதுக்கமாட்டேன். எண் எழுதுவோர் மாடியிலும் இயந்திரத்தருகே நிற்போர் கீழுமாகப் பிரிந்ததை என் கண்ணாற் கண்டேன். கீழே நின்றோர் சிலர், காலம் செல்ல, உலோகத்தை ஏற்றி இறக்குவோராக மாத்திரம் ஆயினர். வீட்டிலே இம்மாற்றத்தைச் செய்பவனுக்கோ மாடியுமில்லை, கீழுமில்லை. எண் எழுதுபவனும் அருகே நிற்பவனும் அவனே. எனவே தன் கை அறிந்ததைத் தானே எண்ணாக்க வேண்டிய கடமை அவனுக்கு நேர்கின்றது.

அக்கடமையின் அருமையை எனக்கு உணர்த்தியவள் என் பேர்த்தி. பதினேழு வயதினள், இந்நாட்டிற் பிறந்தவள். மோட்டார்களைத் தாங்குவதற்குப் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடுகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு துளைகள், 47.14 மில்லிமீற்றர் பக்கமுடைய சதுரத்தின் மூலைகளிலே சரியாக அமைதல் வேண்டும். இயந்திரத்தைக் கழற்றிய பின் தகடுகளைச் செய்ய வேறு இயந்திரம் இல்லை. ஆகவே தன்னை மாற்றுதற்கு வேண்டிய உறுப்புகளை அது தானே முதலிற் செய்து தருதல் வேண்டும். என் கை உதவாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அவள் சக்கரங்களைப் பிடித்தாள். யான் அருகில் நின்று எண்களை வாசித்தேன். பார்சன்ஸின் பட்டறையில் நிகழ்ந்ததே எங்கள் கொட்டகையிலும் நிகழ்ந்தது.

“இன்னுங் கொஞ்சம் திருப்பு பிள்ளை; இறுகினவுடனை நிப்பாட்டு” என்றேன்.

“கொஞ்சம் எண்டால் எவ்வளவு, அம்மப்பா? இறுகினது எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

நாற்பது ஆண்டுகளாக என்னிடம் ஒருவரும் அவ்வினாவைக் கேட்டதில்லை. பட்டறையில் இளைஞர்கள் என் கையைப் பார்த்துப் பழகினார்கள், கேட்டுப் பழகவில்லை. இப்பொழுது பார்ப்பதற்கு என் கை இல்லை. ‘கொஞ்சம்’ என்பதற்கு எண் சொல்லவேண்டியதாயிற்று. அன்று மாலை ஒரு கொப்பியை எடுத்து, யான் சொல்லும் ஒவ்வொரு ‘கொஞ்சத்தையும்’ அளந்து எழுதத் தொடங்கினோம். பின்னர்க் கணனிக்கு வேண்டியவை பெரும்பாலும் அக்கொப்பியிலேயே இருந்தன.

அதில் முதலில் எழுதப்பட்டது திருகின் தளர்வு. திருகுக்கும் அதனைப் பற்றும் சுரைக்கும் இடையே சிறிது வெளி இருப்பது இயல்பு. சக்கரத்தை ஒரு திசையிற் சுழற்றிப் பின் எதிர்த்திசையிற் சுழற்றினால், அவ்வெளி நிரம்பும்வரை மேசை அசையாது. டயல் மானியை வைத்து அளந்தபோது அத்தளர்வு 0.25 மில்லிமீற்றர் இருந்தது. கை இதனை உணர்ந்து, குறித்த இடத்தைச் சற்றுக் கடந்து சென்று, எப்பொழுதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகும். நமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் நகரும் நுணுக்குக்காட்டியை ஒரே திசையிலிருந்து அணுகுமாறு ஆசிரியர் பணித்தது நினைவிருக்கலாம், காரணம் அதுவே. கணனியோ சுற்றுகளை எண்ணும், இறுக்கத்தை உணராது. தளர்வின் அளவை அதற்குச் சொல்லி ஈடு செய்விக்கலாம் எனினும் முழுப்பயன் இல்லை. அலகு சுழலும் திசையிலேயே மேசை நகருமாயின், அலகு உலோகத்தைப் பற்றி இழுத்து, அந்தக் கால் மில்லிமீற்றருக்குள் மேசையைத் துள்ளச் செய்துவிடும். ஆதலால், நூலுக்கும் சுரைக்கும் இடையே சிறு உருக்குக் குண்டுகள் ஓடும் வகைத் திருகுகளை, 16 மில்லிமீற்றர் விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்வும் உடையனவாக, வாங்கிப் பூட்டினேன்.

ஒரு நோய்க்குச் செய்த மருந்து மற்றொன்றைக் கொணர்ந்தது. பழைய திருகில் உராய்வு மிகுதி. அவ்வுராய்வே இயந்திரத்தின் கனத்த தலையைக் கீழே விழாமற் பிடித்து வைத்திருந்தது. குண்டுத் திருகில் உராய்வால் வீணாகும் வேலை பத்திலொரு பங்களவே. மின்னை நிறுத்தியதும் தலை தன் பாரத்தாலே தானே திருகைச் சுழற்றிக்கொண்டு இறங்கிற்று. அதனைக் கண்டதும் எனக்கு நம்மூர்க் கிணற்றுத் துலா நினைவில் எழுந்தது. நீர் நிறைந்த பட்டையின் பாரத்துக்கு எதிர்ப்பாரமாகத் துலாவின் அடியிற் பாரம் கட்டுவார்கள் அன்றோ? இடம் குறுகிய கொட்டகையில் எதிர்ப்பாரம் தொங்கவிட வழியின்மையால், காரின் பின்கதவைத் தாங்கி நிற்கும் வாயு வில்லொன்றை அதே பணிக்கு வைத்தேன். தலை நின்றது.

மோட்டார்கள் படிப்படியாகச் சுழலும் வகையின. ஸ்ரெப்பர் மோட்டார் என்பது அவற்றின் பெயர். ஒரு முழுச் சுற்று 200 படிகளாகும். ஒவ்வொரு படியையும் மின்முறையால் எட்டாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். ஒரு சுற்றில் மேசை 5 மில்லிமீற்றர் நகர்வதால், ஒரு மில்லிமீற்றருக்கு 320 துடிப்புகள் வேண்டும். எனவே ஒரு துடிப்பு ஏறக்குறைய 0.003 மில்லிமீற்றர். இவ்வெண்ணைக் கேட்டு மயங்கிவிடலாகாது; கணக்கின் நுட்பம் வேறு, உலோகத்தில் அமையும் திருத்தம் வேறு. வெட்டும் பாரம் மோட்டாரின் வலிமைக்கு மேற்பட்டால் மோட்டார் சில படிகளைத் தவறவிடும். என் இயந்திரத்தில் அதனைக் கணனிக்கு அறிவிப்பார் ஒருவருமில்லை. தான் சரியான இடத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டு அது தன் வேலையைத் தொடரும். வேகம் கூடக்கூட இம்மோட்டார்களின் வலிமை குறையும். ஆகவே அவற்றை ஒருபோதும் அவற்றின் எல்லைவரை ஓட்டலாகாது.

மேசை தன் எல்லையைக் கடவாதிருக்க ஒவ்வொரு முனையிலும் ஆளிகள் அமைத்தேன். யாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். இவற்றில் மின் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் அறுந்தால் இயந்திரம் நிற்கும். ஆளி அழுத்தப்பட்டாலும் நிற்கும். எலி கம்பியைக் கடித்தாலும் நிற்கும். பழுது நேரும்போது நிறுத்தும் பக்கமே சாய்தல் வேண்டும் என்பது இத்தொழிலில் எல்லாரும் கொள்ளத்தக்க விதி.

முதற் சோதனைக்கு அலகைப் பூட்டவில்லை. பேனா ஒன்றைப் பூட்டிக் காகிதத்தில் 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்றை வரையச் செய்தோம். வட்டத்தை வரையும்போது மேலும் கீழும், இடமும் வலமுமாகிய நான்கு இடங்களில் ஏதாவதொரு திருகு திசை திரும்பும். தளர்வு இருந்தால் அந்நான்கு இடங்களிலும் வட்டம் சிறிது தட்டையாகிக் காட்டிக்கொடுக்கும். என் பேர்த்தி பூதக்கண்ணாடியைப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். தட்டை இல்லை. பின்னர் அலுமினியத்தில் 40 மில்லிமீற்றர் வட்டத் தகடொன்று வெட்டினோம். நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தபோது ஒரு திசையில் 39.98, மற்றொரு திசையில் 40.01 காட்டிற்று. என் கை நலமாக இருந்த காலத்தில் அவ்வியந்திரத்தில் யான் பெற்ற திருத்தத்துக்கு அது குறைந்ததன்று.

இயந்திரத்துக்கு இடும் கட்டளை மிகச் சுருங்கியது. ‘ஜீ 1 எக்ஸ் 40 எஃப் 100’ என்றால், நேர்கோட்டில் எக்ஸ் 40 என்னும் இடத்துக்கு, நிமிடத்துக்கு 100 மில்லிமீற்றர் வேகத்திற் செல்க என்பது பொருள். நாற்பது என்பது படத்தைப் பார்த்து எவரும் எழுதக்கூடியது. நூறு என்பது எங்கிருந்து வந்தது? இரு பற்களையுடைய 6 மில்லிமீற்றர் அலகு நிமிடத்துக்கு 2000 முறை சுழல, ஒவ்வொரு பல்லும் 0.025 மில்லிமீற்றர் உலோகத்தைக் கடித்தால் 100 வரும். அந்த 0.025 என்பதை நூல்களும் சொல்லும். ஆயினும் என் இயந்திரத்தின் உடல் மெலிவுக்கும், நீண்ட அலகின் வளைவுக்கும், அலுமினியத்தின் பிசுபிசுப்புக்கும் ஏற்ப அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் பழக்கத்தின் பாற்பட்டன. தொழிலாளியின் கை அக்கட்டளையில் எங்கேனும் தங்கியிருக்குமாயின், அது அந்த நூற்றில்தான் தங்கியிருக்கின்றது.

யாங்கள் செய்த முதற் பயனுள்ள பொருள் இடியப்ப உரலின் அடித்தகடு. என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த உரலின் தகட்டில் துளைகள் தேய்ந்து பெருத்திருந்தன. ஈயங் கலவாத பித்தளைத் தகட்டில், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அப்பால் பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு என 61 துளைகள், ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீற்றர். எண்களை எழுதியவள் பேர்த்தி. துளைப்பான் சிறிது இறங்கி, சீவலை வெளியேற்ற மேலெழுந்து, மீண்டும் இறங்குமாறு அவளே கட்டளை அமைத்தாள். முப்பதாவது துளையை அண்மித்தபோது யான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், “சத்தம் மாறுது அம்மப்பா” என்று கூறி, கணனியில் வேகத்தைக் குறைத்து, துளைப்பானை நிறுத்திப் பார்த்தாள். அதன் கூர் மழுங்கத் தொடங்கியிருந்தது. கணனி அதனை அறியவில்லை. அவ்வொலியைப் பற்றி எங்கள் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. தகடுகளைச் செய்த நாள்களிற் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றமையால் அவள் செவி அதனைத் தானே கற்றிருந்தது.

கையறிவில் எவ்வளவைக் கணனியிடம் ஒப்புவிக்கலாம் என்று தொடக்கத்திற் கேட்டேன். இடம், தூரம், வேகம், தளர்வு என்பனவற்றை ஒப்புவிக்கலாம், அவற்றில் அது என்னைவிட நம்பத்தக்கது, நடுங்காது, சலியாது. உலோகம் நன்கு பூட்டப்பட்டுள்ளதா, அலகு கூராக உள்ளதா, ஒலி மாறியதா என்பனவற்றை எங்கள் கொட்டகையில் ஓர் ஆள்தான் அறிதல் வேண்டும். பெருந் தொழிற்சாலைகளில் இவற்றுட் சிலவற்றை அறியும் கருவிகளும் உள. அவை எம்மிடம் இல்லை. அந்த ஆளை உருவாக்கியது கைச்சக்கரம். அதனை நீக்குதற்கு முன், அதனைப் பிடிக்க ஓர் இளங்கை கிடைத்தது எனது பேறு.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று கூறி அமைகின்றேன். யான் மேலே காட்டிய கட்டளை மொழியே முப்பரிமாண அச்சுப்பொறிகளையும் இயக்குகின்றது. ஆகவே அதனைக் கற்க மில்லிங் இயந்திரம் இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. கணனியின் முன் அமர்வதோடு நின்றுவிடாது, வாய்ப்புக் கிடைக்கும்போது ஒரு பட்டறைக்குச் சென்று, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரு சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அவர் ‘கொஞ்சம்’ என்று சொன்னால், எவ்வளவு என்று தயங்காது கேளுங்கள். அவருக்கு உடனே விடை வராது, பொறுத்திருங்கள். அவ்விடையைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத இயலாது எஞ்சுவதைக் காதாலும் கையாலும் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு ஆள்கூறுகளையும் ஒரே திசையிலிருந்து அணுகும் ஒழுங்கையும் முதன்முதற் கற்பித்த நமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.